13க்கு 11 அடி மாடி அறைக்கு ஸ்பீக்கர்: நல்ல ஜோடி ஒன்றே போதும் என்கிறேன்

மார்ச் 3, 2024

சின்ன அறைக்கு 5.1 வேண்டாம். நல்ல ஜோடி ஒன்று போதும். அதே காசை ஐந்து பெட்டிக்கும், அடித்தொனிக்கென்றே உள்ள ஒரு சப்வூஃபருக்கும் பிரித்துப் போட்டால் ஆறுமே சுமாராகத்தான் அமையும். இதுதான் என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

விவரம் சொல்லிவிடுகிறேன். மதுரைத் திருநகரில் வீடு. மாடியில் ஓர் அறை: 13 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, தரையில் டைல்ஸ். வெறும் அறையில் கை தட்டினால் ஓசை வால் மாதிரி நீள்கிறது. அம்மாவுக்குக் கர்நாடக சங்கீதம், எனக்கு இளையராஜா, பிள்ளைகளுக்குப் படம். ஒலியைப் பெருக்கிப் பெட்டிகளுக்குப் பிரித்துத் தரும் ஏ.வி. ரிசீவர் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்பீக்கருக்கு மட்டும் 70,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன்.

மார்ச் 4

பழைய பெட்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தார்கள். அப்பா தொண்ணூறுகளில் வாங்கிய ஜோடி அது. கோனை, அதாவது அதிர்ந்து பாடும் கூம்பைச் சுற்றியிருக்கும் வளையம் நுரையால் ஆனது. போன வருஷம் துணியை எடுத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தேன், விரலோடு பொடியாக வந்துவிட்டது. நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கால ஈரத்துக்கும் நுரை வளையம் பத்துப் பதினைந்து வருஷம் தாங்கினாலே பெரிது. ரப்பர் வளையம் அப்படி உதிராது. புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் முன்துணியைக் கழற்றி, விளிம்பில் இருப்பது ரப்பரா நுரையா என்று பாருங்கள். வாட்ஸ் கணக்கை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

கோன் மாற்றுகிற கடையில் கொடுத்து வளையம் போட்டுவிட்டேன். இன்னும் பாடுகிறது, ஆனால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) லேசாக உரசுகிறது.

மார்ச் 9

வாட்ஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் அட்டைப்பெட்டி மேல் 'பி.எம்.பி.ஓ 5000 வாட்ஸ்' என்று அச்சடித்து விற்றார்கள். உள்ளே இருந்த டிரான்ஸ்ஃபார்மர் கைக்குள் அடங்கும். அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. ஆர்.எம்.எஸ். அளவை, அதாவது தொடர்ந்து ஓடும்போது உள்ள வாட்ஸை மட்டும் கேளுங்கள். அதைவிட முக்கியம் சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் வருகிறது என்ற கணக்கு அது.

86 டெசிபல் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். நான் உட்காரும் இடம் 2.5 மீட்டர். அந்தத் தூரத்துக்கு 8 டெசிபல் குறையும், இரண்டு பெட்டி சேர்வதால் 3 கூடும். ஆக ஒரு வாட்டுக்கே 81 டெசிபல் காதுக்கு வரும். மூடிய அறையில் சுவர்கள் திருப்பித் தருவதால் இன்னும் கொஞ்சம் கூடவே வரும். 20 வாட் கொடுத்தால் மேலும் 13 டெசிபல். கீழ் வீட்டில் தூங்குகிறவர்கள் எழுந்து வந்துவிடுவார்கள். 83 டெசிபல் பெட்டி என்றால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும், அவ்வளவுதான். இந்த அறைக்கு 100 வாட், 200 வாட் என்று தேடி அலைய வேண்டாம்.

மார்ச் 10

இன்று டவுன் ஹால் ரோட்டில் ஏறி இறங்கினேன். நாலு ஜோடி கேட்டேன். ஒன்றைப் பற்றியும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. கடை ஒரு நீளமான கூடம். சுவர் முழுக்க டிவி, வெளியே ஆட்டோ ஹாரன். கடைப்பையன் பேஸையும் ட்ரெபிளையும் முழுக்க ஏற்றி வைத்திருந்தான். இரண்டையும் நடுவில் வை தம்பி என்றேன். “சார், அப்படி வச்சா நல்லா இருக்காது” என்றான். பெட்டி நன்றாக இருந்தால் அப்படி வைத்தாலும் நன்றாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு டெசிபல் வித்தியாசம் இருந்தாலே, சத்தமாகப் பாடுவது நல்ல பெட்டி என்று காது முடிவு கட்டிவிடும். நானே இன்று அப்படி ஒன்றைப் பார்த்து மயங்கினேன். மறுபடி சத்தத்தைச் சமமாக்கிக் கேட்டபோது மூன்றாவதாகத் தள்ளினேன்.

மார்ச் 13

அறைக் கணக்கு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அடித்தொனி சிக்கிக்கொண்டு முழங்கும். அது நொடிக்கு எத்தனை அதிர்வில், அதாவது எத்தனை ஹெர்ட்ஸில் என்பதற்கு, ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். வேகம் நொடிக்கு 340 மீட்டர் என்று வைத்தால் நீளத்துக்கு 43 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 51, உயரத்துக்கு 56.

அகலமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதுதான் இந்த அறையின் வியாதி. 51ம் 56ம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து முழங்குகின்றன. செல்போனில் சைன் ஓசை, அதாவது கலப்பில்லாத ஒற்றைத் தொனி எழுப்பும் செயலியைப் போட்டு ரிசீவர் வழியாக 30லிருந்து மெதுவாக ஏற்றினேன். ஐம்பதைத் தாண்டியதும் ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் ஒரு தனிக் குரல். பின்னால் ஒதுங்கி நிற்காமல் பாடகரோடு பேசிக்கொண்டே போகும். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். அதாவது அந்தத் தந்தியில் ஏறி இறங்கும் சுரங்களில் நாலைந்து மட்டும் என் அறையில் பெருத்துக் கேட்கும், மற்றவை மெலிந்துவிடும். பண்ணைப்புரத்துக்காரர் அளந்து வைத்த வரிசையை என் சுவர் கலைக்கிறது. இதை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மார்ச் 14

நேற்றைய கணக்கில் ஒரு திருத்தம். 340 என்பது 15 டிகிரிக்கு. மதுரையில் மார்கழி விடியலில்கூட அறைக்குள் 15 டிகிரி வராது. என் மாடி அறை இன்று 31. அதற்கு 350 மீட்டர். ஆகவே 44, 52, 57 என்று கொள்ளவும். வியாதி அதேதான்.

மார்ச் 17

முட்டை அட்டை ஒட்டலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். 100 ஹெர்ட்ஸ் ஓசையின் ஒரு அலை மூன்றரை மீட்டர் நீளம். அதை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் கால் பங்காவது தடிமன் வேண்டும், அதாவது கிட்டத்தட்ட முக்கால் மீட்டருக்கு மேல். ஒரு அங்குல நுரையோ முட்டை அட்டையோ மேல்தொனியை மட்டும் தின்றுவிட்டு முழக்கத்தை அப்படியே விட்டுவிடும். அறை இருண்டு, மந்தமாகக் கேட்கும்.

நான் செய்தது: மகள் கையில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்துப் பக்கச் சுவரை ஒட்டி நகர்த்தச் சொன்னேன். என் நாற்காலியிலிருந்து பார்க்கும்போது எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ட்வீட்டர் (பெட்டியில் மேல்தொனி பாடும் சின்ன வட்டம்) தெரிகிறதோ, அங்கேதான் ஓசை முதலில் பட்டுத் திரும்புகிறது. அந்த இரண்டு இடத்திலும் பழைய இலவம்பஞ்சு மெத்தையை உறை தைத்து நிறுத்தினேன். தரையில் பவானி ஜமக்காளம், பின்சுவரில் புத்தக அலமாரி. கை தட்டினால் இப்போது வால் இல்லை. செலவு, தையல்கூலி மட்டும். பழைய பெட்டியே புதுசு மாதிரி பேசுகிறது. இதைச் செய்யாமல் கடைக்குப் போனது என் தவறு. முதலில் அறை, அப்புறம்தான் பெட்டி.

மார்ச் 24

அம்மா குரல் சோதனை. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, தற்செயலாக வந்தது.

நண்பர் ஒருவர் நல்ல ரெக்கார்டர் வைத்திருந்தார். அம்மாவை மொட்டை மாடியில் உட்கார வைத்து, தாளிக்கிற வடகம் போடுவது எப்படி என்று பேசச் சொல்லிப் பதிவு செய்தேன். சின்ன வெங்காயம், உளுந்து, வெயில், எத்தனை நாள் காய வேண்டும், எல்லாம் ஐந்து நிமிஷம். மொட்டை மாடியில் ஏன் என்றால் அங்கே சுவர் எதிரொலி கிடையாது. அந்தப் பதிவைப் பென் டிரைவில் கடைக்குக் கொண்டுபோய், ஒற்றைப் பெட்டியில், அம்மா பேசுகிற அதே சத்தத்துக்கு வைத்துக் கேட்டேன்.

நாற்பத்தாறு வருஷமாகக் கேட்கிற குரல். இதில் என்னை எந்தப் பெட்டியும் ஏமாற்ற முடியாது. ஒரு பெட்டியில் அம்மாவுக்குச் சளி பிடித்திருந்தது. இன்னொன்றில் 'ச'வும் 'ஸ'வும் ஊசியாகக் குத்தியது. விலை கூடிய ஒன்றில் நெஞ்சுக்கூடு பெருத்து, ஓர் ஆண் குரலின் சாயல் வந்தது. நாலாவது ஒரு சின்னப் பெட்டி, அடித்தொனி பாடும் வூஃபர் ஐந்தே கால் அங்குலம். அதில் அம்மா வந்து உட்கார்ந்துவிட்டார். கடைப்பையன்கூட “பாட்டி யாரு சார்?” என்று திரும்பிப் பார்த்தான்.

பாட்டை வைத்துச் சோதித்தால், ஒலிப்பதிவு செய்தவர் அதை எப்படி அமைத்தார் என்று நமக்குத் தெரியாது. மூலம் நேரில் தெரிந்த ஒரு குரல் இருந்தால் அந்தச் சந்தேகமே இல்லை.

மார்ச் 25

ஐந்தே கால் அங்குலமா, அது பொம்மை அல்லவா என்று ஒருவர். பி.பி.சி. 1970களில் தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள் வைத்துக் கேட்க எல்.எஸ். 3/5ஏ என்று ஒரு பெட்டியை வடிவமைத்தது. பின்னால் ஓட்டையே இல்லாத மூடிய பெட்டி, சென்சிட்டிவிட்டி 83 டெசிபல் சுமார், அதன் வூஃபரும் ஐந்து அங்குல வகைதான். பேச்சு சரியாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே செய்தது. இன்றும் ஆட்கள் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். வண்டிக்குள் போதுமானது என் மாடிக்குப் போதாதா?

ஏப்ரல் 2

வாங்கிவிட்டேன். அம்மா பேசிய அதே சின்னப் பெட்டிதான், ஒரு ஜோடி. மூடிய பெட்டி, ரப்பர் வளையம். பெயரைச் சொன்னால் விவாதம் அதன் பின்னால் போய்விடும், அதனால் சொல்லவில்லை. நீங்கள் உங்கள் அம்மாவோடு போங்கள்.

ஒயர் பற்றி இரண்டு வரி. கடையில் ஆயிரக்கணக்கில் சொன்னார்கள். எலக்ட்ரீஷியன் மிச்சம் வைத்திருந்த 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரையே போட்டேன். பெட்டிக்கு 6 மீட்டர் ஓடுகிறது, போக வர 12 மீட்டர், மொத்தத் தடை 0.15 ஓம்கூட இல்லை. 6 ஓம் பெட்டிக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் வாங்கும் ஒயரைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குத் தாமிரப் பூச்சு.

ஏப்ரல் 6

ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளி வை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் இரண்டரை அடி முன்னால் இழுத்தேன். மிருதங்கத்தில் தொப்பி, அதாவது இடது பக்க அடித்தொனி காணாமல் போனது. வலந்தலை 'டிம்' என்று தெளிவாக நிற்கிறது, இடது கையின் கும்கி மட்டும் எங்கோ தூரத்தில்.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. பெட்டியிலிருந்து பின்னால் போகும் அடித்தொனி சுவரில் பட்டு, கால் அலை போய் கால் அலை திரும்பி, முன்னால் வருவதற்கு எதிராக நின்று அதை அடித்துவிடுகிறது. வூஃபர் சுவரிலிருந்து 76 செ.மீ. தள்ளி இருந்தால் அந்தக் குழி விழும் இடம் 115 ஹெர்ட்ஸ். தொப்பியின் மேல் பாதியும் ஆண் குரலின் அடியும் அங்கேதான்.

திரும்பச் சுவரோரம், சுவரிலிருந்து வூஃபர் வரை 8 அங்குலம். அந்தக் குழி 400க்கு மேலே ஏறிவிட்டது. அங்கே பெட்டி பின்பக்கம் அதிகம் வீசாது, அதனால் குழியும் ஆழமில்லை. சுவர் கொஞ்சம் அடித்தொனி கூட்டித் தருகிறது. மூடிய பெட்டி என்பதால் அது அளவோடு நிற்கிறது. பின்னால் ஓட்டை வைத்த பெட்டியை இப்படி ஒட்டி வைத்திருந்தால் முழங்கித் தள்ளியிருக்கும். பெரிய ஹால் உள்ளவர்களுக்குச் சொன்ன அறிவுரையை நான் இந்த அறைக்குள் கொண்டுவந்தேன், அதுதான் பிழை.

ஏப்ரல் 24

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். ஒரு வாரமாக ஊர் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர், பாட்டு, அதிர்வேட்டு. இசை கேட்கிற நிலையில் யாரும் இல்லை. ஆனால் முந்தின வாரம் மாசி வீதியில் சாமி வரும்போது நாதஸ்வரத்தைப் பத்தடி தூரத்தில் நின்று கேட்டேன். சின்ன வயதில் தெற்கு மாசி வீதியில் குடியிருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்து கேட்டது அது. தவில் அடி முதுகுத்தண்டில் விழும். சீவாளியின் கரகரப்பு, அதன் மேல் ஏறும் நாதம், இரண்டும் தனித்தனியாக எழுந்து காற்றில் ஒன்றாகும்.

வீட்டுக்கு வந்து அம்மாவோடு நாதஸ்வரப் பதிவு ஒன்றைப் போட்டேன். கரகரப்பு இருக்கிறது. நாதம் இருக்கிறது. தவில் மட்டும் சின்னப் பையன் அடிப்பது போல. என் கட்சிக்கு இது முதல் அடி. ஜோடி மட்டும் போதாது. அடியில் ஒரு கை வேண்டும்.

மே 5

சப்வூஃபர் வந்துவிட்டது. எட்டு அங்குலம், இதுவும் மூடிய வகை. ரிசீவரில் 80 ஹெர்ட்ஸில் பிரித்தேன், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சப்புக்கு. சின்னப் பெட்டிகளுக்குப் பாரம் குறைந்து அவையும் இன்னும் நன்றாகப் பாடுகின்றன.

எங்கே வைப்பது என்பதற்கு ஒரு வழி உண்டு. சப்வூஃபரை நாம் உட்காரும் நாற்காலி மேல் தூக்கி வைத்து, பேஸ் கிட்டார் உள்ள பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேட்க வேண்டும். எங்கே எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே சப்பைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். எனக்கு முட்டி வலி என்பதால் மகள் தவழ்ந்தாள். அம்மா எட்டிப் பார்த்து, “எதைத் தொலைச்சீங்க?” என்றார். மூலையில் எல்லாம் முழக்கம். இடது சுவரின் நடுவுக்கு வந்ததும் மகள் “இங்க அப்பா, இங்க கிட்டார் நடக்குது” என்றாள். அளந்து பார்த்தால் சரியாகப் பாதி நீளம். 44 ஹெர்ட்ஸ் முழக்கத்தை அந்த இடத்திலிருந்து கிளப்ப முடியாது என்று கணக்கும் சொல்கிறது. 52 இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ரிசீவரில் அந்த இடத்தை மட்டும் இறக்கிவிட்டேன்.

மே 6

மின்விசிறி பற்றி எழுத மறந்தேன். முழு வேகத்தில் சுற்றும்போது வீணை நாதம் நடுங்குகிறதே என்று ஒரு வாரம் ரிசீவரைச் சந்தேகப்பட்டேன். விசிறி இறக்கைகள் ஓசையை வெட்டி வெட்டித் திருப்புவதால் வருகிற நடுக்கம் அது. சுற்றுவதை நிறுத்தினால் நடுக்கமும் நிற்கிறது. மே மாதத்தில் எத்தனை நிமிஷம் நிறுத்த முடியும்? ஓர் ஆலாபனைக்கு நிறுத்துகிறோம், தனி ஆவர்த்தனத்துக்குப் போடுகிறோம்.

கரண்ட் போனால் இன்வர்ட்டரில் ரிசீவர் 'ர்ர்' என்று இரைகிறது. என்னிடம் இருப்பது பழைய சதுர அலை இன்வர்ட்டர். சைன் அலை இன்வர்ட்டர் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது.

மே 19

என் கட்சியை இன்று பாதி திரும்பப் பெறுகிறேன்.

குடும்பமாகப் படம் பார்த்தோம். நான் நடுவில், மனைவி வலது, பையன் இடது ஓரம். பாதிப் படத்தில் பையன், “அப்பா, எல்லாரும் இந்தப் பக்கத்துல இருந்தே பேசுறாங்க” என்றான். எழுந்து அவன் இடத்தில் உட்கார்ந்தேன். உண்மைதான். நாயகன் திரையில் வலது பக்கம் நிற்கிறான், குரல் என் முழங்கைக்குப் பக்கத்து இடது பெட்டியிலிருந்து வருகிறது. இரண்டு பெட்டிக்கு நடுவே குரல் தோன்றுவது ஒரு மாயை. நடுவில் உட்கார்ந்தவருக்கு மட்டும் அது பலிக்கும். பக்கத்துப் பெட்டியின் ஓசை கொஞ்சம் முந்தி வந்தாலே, காது அதைத்தான் நம்பும்.

இத்தனை நாள் நான் நடு நாற்காலியிலேயே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாட்டுக்கு ஜோடி போதும் என்பதில் மாற்றமில்லை. நாலு பேர் சேர்ந்து பார்க்கிற படத்துக்கு நடுவில் ஒரு பெட்டி கட்டாயம் வேண்டும். பின்பக்க ஸ்பீக்கர் பற்றி இன்னும் எனக்கு ஆசை வரவில்லை. பின்சுவர் சோஃபாவுக்கு இரண்டடிகூட இல்லை.

மே 26

நடுப்பெட்டி என்று கடையில் விற்பது படுக்கை வாட்டில் இருக்கிறது, ட்வீட்டருக்கு இரு பக்கமும் வூஃபர். நேரே உட்கார்ந்தால் அருமை. ஓரத்துக்குப் போனால் இரண்டு வூஃபரின் ஓசையும் வேறு வேறு நேரத்தில் வந்து ஒன்றை ஒன்று தின்னும், குரல் மெலியும். ஓரத்தில் உட்காரும் பையனுக்காக வாங்குவது அவனுக்கே உதவாது. ஒரே மையத்தில் ட்வீட்டரும் வூஃபரும் வைத்த வகைக்கு இந்தக் குறை இல்லை. கே.இ.எஃப். என்ற ஸ்பீக்கர் நிறுவனம் 1988லிருந்து யூனி-க்யூ என்று அப்படித்தான் செய்கிறது. ஆனால் என் ஜோடியோடு அதன் குரல் சேராது.

அதனால் அதே சின்னப் பெட்டியில் மூன்றாவதை வாங்கி, டிவிக்குக் கீழே நிமிர்த்தி வைக்க முடிவு. டிவியை ஆறு அங்குலம் ஏற்ற வேண்டும். ஒற்றையாகத் தர மாட்டோம், ஜோடியாகத்தான் என்கிறார்கள்.

ஜூன் 2

ஜோடியாகவே வாங்கினேன். 70,000 தாண்டிவிட்டது, எவ்வளவு என்று மனைவிக்குத் தெரியும், அது போதும். பையன் இடது ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தான். “இப்ப வாய்லருந்து வருது” என்றான்.

ஜூன் 9

நாலாவது பெட்டியை என்ன செய்தேன் என்று கேட்கிறார்கள். பரணில் போட மனம் வரவில்லை. சமையலறை அலமாரி மேல் வைத்து, ஒரு சின்ன ஆம்ப்பும் ரேடியோவும் இணைத்துக் கொடுத்தேன். காலையில் மதுரை வானொலி. அம்மா காய் நறுக்கிக்கொண்டே கேட்கிறார். பக்தி இசை முடிந்து செய்தி வாசிப்பவர் பேசத் தொடங்கியதும் கத்தியை வைத்துவிட்டு, “இந்தப் புள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்குடா” என்றார். பழைய ரேடியோவில் இப்படி ஒருநாளும் சொன்னதில்லை.